மாணவர் மொழிக்குழுவை நடத்தப்போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

நீ ஆசிரியையாக இருக்கும் பள்ளியின் ‘கிரியூ கம்ரைக்’ குழுவை, அதாவது வேல்ஸ் நாட்டின் வெல்ஷ் மொழியைப் பரப்பும் மாணவர் குழுவை, இந்த ஆண்டு உன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று அறிந்து அப்பாவும் நானும் மகிழ்ந்தோம். வீட்டில் வெல்ஷ் பேசாத பிள்ளைகளே நிறைந்த ஆங்கிலவழித் தொடக்கப்பள்ளியில் அதை எப்படி நடத்துவது என்று கேட்டிருந்தாய். வேல்ஸின் தலைநகர் கார்டிஃபில் வகுப்பறை உதவியாளராக இருந்து நான் கண்டதை எழுதுகிறேன்.

வகுப்பில் கேட்டால் வெல்ஷில் பதில் சொல்லும் பிள்ளை, மணி அடித்ததும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடும். வெல்ஷ் வலுவாக இருக்கும் குவினெத் பகுதியிலேயே இந்த நிலை இருந்ததால்தான் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியேயும் வெல்ஷ் பேசத் தூண்டும் ‘மொழிச் சாசனம்’ என்ற திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கென்று அதிலிருந்து பிறந்ததே நீ நடத்தப்போகும் ‘கம்ரைக் கேம்பஸ்’ திட்டம். ஆகவே உன் குழுவின் களம் வகுப்பறையன்று. விளையாட்டுத் திடலும், உணவுக்கூடமும், நடைவழியும்தான். வாரம் ஒரு வாக்கியத்தைக் காலைக் கூட்டத்தில் குழுப் பிள்ளைகளே சொல்லித் தரட்டும். ‘மணி என்ன, ஓநாயாரே?’ என்னும் விளையாட்டைச் சிறு வகுப்புகளோடு அவர்கள் வெல்ஷில் ஆடட்டும். எண்களும் நேரமும் தாமாகவே நாவில் ஏறிவிடும். நீயும் நானும் சொன்னால் அது பாடம். ஆறாம் வகுப்பு அக்கா சொன்னால் அது ஆசை.

வெல்ஷ் பேசுவோருக்குப் பாராட்டுச் சீட்டுக் கொடுக்கும் வழக்கத்தில்தான் நீ மிகக் கவனமாக இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்குள்ள பல பள்ளிகளில் ‘வெல்ஷ் நாட்’ என்ற மரத்துண்டு, வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் தொங்கவிடப்பட்டதை நீ படித்திருப்பாய். அந்தப் பிள்ளை அடுத்து யார் வெல்ஷ் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க, அப்படிப் பேசிய பிள்ளையின் கழுத்துக்கு அது மாற்றப்பட்டது என்பதையும், பள்ளி முடியும்போது யாரிடம் இருந்ததோ அந்தப் பிள்ளைக்கே அடி விழுந்தது என்பதையும் நினைத்துப் பார். அது அரசின் ஆணையன்று, எல்லாப் பள்ளிகளிலும் இருந்ததுமன்று. ஆனால் வேல்ஸின் கல்வி நிலையை ஆராய அனுப்பப்பட்ட, வெல்ஷ் அறியாத மூன்று ஆணையர்கள் 1847இல் அளித்த அறிக்கை, அந்த மொழியே மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்று பழித்த காலம் அது. பிள்ளையைக் கொண்டே பிள்ளையைக் கண்காணித்ததுதான் அந்த முறையின் கொடுமை. உன் குழுவும் பிள்ளைகளைக் கொண்டுதான் இயங்குகிறது. எனவே, வெல்ஷ் பேசியதைக் கேட்டால் சீட்டுக் கொடுக்கலாம். ஆங்கிலம் பேசியதாக ஒருவர்மீது ஒருவர் உன்னிடம் வந்து சொல்வதற்கு ஒருநாளும் இடம் கொடுக்காதே. அப்படி வந்து சொல்லும் ஆர்வக்கோளாறுப் பிள்ளை எல்லாக் குழுவிலும் ஒன்று இருக்கும்!

பிள்ளைகளின் வீட்டுமொழிகளையும் குழுவில் சேர்த்தால் வெல்ஷ் ஒதுங்கிவிடுமோ என்று உன் சக ஆசிரியர்கள் அஞ்சுவதாக எழுதியிருந்தாய். நான் கண்டது இதற்கு நேர்மாறானது. அண்மையில் வந்த சோமாலி, வங்காளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் வகுப்புக்குப் பின்தங்கியிருக்கலாம்; ஆனால் வெல்ஷில் அனைவருக்கும் தொடக்கக் கோடு ஒன்றுதான் என்பதால், குழுவுக்கு முதலில் பெயர் கொடுப்பவர்களில் அவர்களும் இருக்கிறார்கள். 2022 முதல் நடைமுறைக்கு வந்த வேல்ஸின் புதிய பாடத்திட்டமும் வெல்ஷ், ஆங்கிலம், பன்னாட்டு மொழிகள் ஆகியவற்றை ஒரே துறையில்தான் வைத்திருக்கிறது. மாதம் ஒரு வீட்டுமொழியைத் தேர்ந்து, அதைப் பேசும் பிள்ளையே வணக்கத்தையும் நன்றியையும் கற்பிக்கட்டும். அந்த மொழியைப் பற்றிய அறிமுகத்தை வெல்ஷில் சொல்லச் செய். தமிழை முதல் மாதத்திலேயே நுழைத்துவிடாதே, ஆசிரியை தன் மொழிக்கு இடம் பிடித்தார் என்பார்கள்.

2021 கணக்கெடுப்பில் வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது 17.8 விழுக்காடு, முந்தைய கணக்கெடுப்பைவிடக் குறைவு, அதுவும் பெரும்பாலும் பிள்ளைகளிடையே நேர்ந்த குறைவு. 2050க்குள் பத்து லட்சம் என்னும் அரசின் இலக்கு உன் பள்ளிச் சுவரிலும் ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் பிள்ளைகளின் தலையில் சுமத்தாதே. இந்தத் திட்டத்தில் பள்ளிகளுக்குத் தரப்படும் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற விருதுப் படிகளுக்கும் அவசரப்பட வேண்டாம்; விருதுக்காகக் கோப்பு தடித்து, திடலில் பேச்சு மெலிந்துபோன பள்ளிகளும் உண்டு.

தொடங்குவதற்கு அக்டோபர் 15 ஏற்ற நாள். அதுவே ‘ஷுமாய்’ நாள், வெல்ஷில் ‘வணக்கம்’ சொல்லும் நாள். அன்று எல்லோரும் வெல்ஷிலேயே பேச்சைத் தொடங்குவது நாடெங்கும் உள்ள வழக்கம் என்பதால் தனியாக ஒரு விழா வேண்டியதில்லை. உணவுக்கூடப் பணியாளர்களிடம் முன்கூட்டியே பேசி, உணவு கேட்கும் வாக்கியத்தை அவர்களுக்கும் குழுப் பிள்ளைகளே கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய். உன் வகுப்பில் பேசப்படும் வீட்டுமொழிகளின் பட்டியலை எனக்கு அனுப்பிவை. இங்கே எங்கள் பிள்ளைகள் வரைந்த வணக்க அட்டைகளில் பொருந்துபவற்றின் படிகளை எடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா