செவ்வாய்க்கிழமை பத்து மணி

நோர்வூட்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள மகனுக்கு,

இங்கு அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி சற்றுக் குறைந்திருக்கிறது. மழை நாளில் கொழுந்து பறிக்க மலைக்குப் போக வேண்டாம் என்றால் அவள் கேட்பாளா என்பது உனக்குத் தெரியும். வேன் ஒன்பது நாட்களாகக் கராஜில் நிற்கிறது. அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு டிக்கோயாப் பக்கத்து ஏற்றத்தில் வரும்போது, எஞ்சினின் சத்தம் மட்டும் உயர்ந்துகொண்டே போனது, வண்டி நகரவில்லை. உள்ளே எரிந்த வாடை நிரம்பியது. பிள்ளைகளைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு உன் சிநேகிதனின் கராஜுக்குப் போனேன். அவன் கியர் பெட்டியை இறக்கிப் பார்த்துவிட்டு, எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டுபோகும் கிளச் பிளேட், டிசம்பரில் போட்டது, கருகிவிட்டது என்றான். டிசம்பரிலேயே அதோடு சேர்ந்து இயங்கும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பெயாரிங் இரண்டையும் சேர்த்து மாற்றச் சொன்னவன் அவன். பிளேட் அழுந்துகிற பிளைவீல் சக்கரத்தில் வெப்பத்தால் நீலம் பாரித்த இடங்களைக் காட்டி, லேத்தில் கொடுத்து முகத்தைச் சமப்படுத்தாமல் புதிய பிளேட்டைப் போட்டால் நிற்காது என்று சொன்னவனும் அவன்தான். பணத்தை நினைத்து, பிளேட்டை மட்டும் போடு என்று நான் சொன்னேன். இப்போது எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியும் இரண்டாவது முறை. வண்டியையே மாற்றலாம் என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது அந்த எண்ணத்தைக் கைவிட்டவன் நான். 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்தபோது, வரியைச் சேர்த்துச் சொன்ன விலையைக் கேட்டுத் திரும்பியவனும் நானே. இந்த டொல்பின் வேனைத்தான் ஓட்டியாக வேண்டும்.

கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையிலிருந்து பஸ்ஸில் வந்த பிளேட்டின் பற்கள் நமது வண்டியின் ஷாஃப்டுக்குப் பொருந்தவில்லை. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு நாம் காத்திருக்கும் இந்த நாட்களில், நான் கராஜின் மரப்பெட்டியில் உட்கார்ந்து அவனுடைய வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மலிவான சாமானைத் தாங்களே வாங்கி வந்து, அது கெட்டுப்போனால் அவனைத் திட்டுகிறவர்களைப் பற்றி அவன் சொன்னான். இதையெல்லாம் இரவில் உன்னிடம் தொலைபேசியில் சொல்லி ஆற்றிக்கொள்வதாகவும், நீ உன் பல்கலைக்கழக வகுப்பு நேர அட்டவணையைப் பற்றி அவனிடம் புலம்புவதாகவும் சொன்னான். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் உன் அட்டவணையை ஒரு வேனுக்கு அடியில் படுத்திருப்பவன் வாயால் நான் கேட்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் புவியியல் செய்முறை வகுப்பும் பொருளியல் விரிவுரையும் ஒன்றாக வருகின்றனவாம். சிங்கள மொழியில் படிப்பவர்களுக்கு அந்த விரிவுரை இரண்டு குழுக்களாக நடப்பதால் மற்ற நேரத்துக்கு மாறிக்கொள்ளலாம், தமிழ்மொழி மூலத்துக்கு ஒரே குழு என்பதால் உனக்கு மாற இடமில்லை என்றும் சொன்னான். இது சரியென்றால், இது உன் தவறு அல்ல. எழுதிக் கொடு. வாயால் சொல்லிவிட்டு வராதே. வாயால் சொன்னது பீட அலுவலகத்தின் வாசலைத் தாண்டுவதில்லை. எழுதிக் கொடுத்துப் பிரதியில் தேதி முத்திரை வாங்கிக்கொள். நீயும் இன்னும் நான்கு பேரும் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

நம் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து, உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியில் பல்கலைக்கழகத்துக்குத் தேர்வாகிப் போனவன் நீ. தேர்த் திருவிழாவில் உன்னைப் பற்றிக் கேட்டவர்களிடம், மகன் சிறப்புப் பட்டம் செய்கிறான் என்றே சொல்லியிருக்கிறேன். நீ இன்னும் அதற்கு விண்ணப்பிக்கவில்லை என்பது எனக்குத் தெரியாமலே சொன்னேன். மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 திறமைப் புள்ளிகள், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 என்பதையும், இந்த இரு பாடங்களில் ஒன்றைக் கைவிட்டால் சிறப்புக்குப் போகும் வழி அடைபடும் என்பதையும் உன் சிநேகிதன்தான் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினான். காகிதம் கிடைக்காமல், பெயாரிங் வந்த அட்டைப் பெட்டியின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினான். பிறகு, வாய் தவறியவன்போல, "அவன் மூன்று வருடத்தோடு முடித்துவிட்டு வருவதாகச் சொல்கிறான், மாமா" என்றான். நான் ஒன்றும் பேசவில்லை.

சாப்பாட்டை விடாதே. இரவு நேரத்தில் வேலைக்குப் போவதாக இருந்தால், அதையும் எனக்குச் சொல். வகுப்பு வரவு குறைந்தால் பரீட்சை எழுதவிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரிகிறது, ஆகவே செவ்வாய்க்கிழமைகளில் நீ எந்த வகுப்பில் இருக்கிறாய் என்பதை எழுதிக் கொடு, எனக்கல்ல, அவர்களுக்கு.

ஜனவரியில் நீ தொலைபேசியில் கேட்டாய் அல்லவா, "அப்பா, மூன்று வருடமா நான்கு வருடமா" என்று. மூன்று வருடம் போதாதா, வேலை கிடைத்தால் போதும் தானே என்று நான் சொன்னேன். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு பேசுவோம் என்றும் சொன்னேன். வண்டி அப்போது ஓடவில்லை, தம்பி. மல்லியப்புச் சந்தியில் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். உன் நான்காம் வருடத்துக்கென்று அம்மா நான்கு வருடமாகப் போட்டுவந்த சீட்டுப் பணத்தை, டிசம்பரில் நான்தான் எடுத்துக் கிளச்சுக்கும் டயருக்கும் கொடுத்துவிட்டேன். முழுதாகச் செய்ய அது போதவில்லை. பாதிச் செலவில் செய்து, பாதியையும் எரித்துவிட்டேன். அதனால்தான் மூன்று வருடம் போதும் என்றேன். உனக்கு எது நல்லது என்று யோசித்துச் சொன்னதாக நீ எடுத்துக்கொண்டிருப்பாய்.

உன் சிநேகிதன் இன்னொன்றும் சொன்னான், அதையும் எழுதிவிடுகிறேன்: கிளச் தேய்ந்தது பாதையால் அல்ல, சாமானால் மட்டும் அல்ல, ஏற்றத்தில் நிற்கும்போது கை பிரேக்கைப் போடாமல் பாதிக் கிளச்சில் வண்டியைப் பிடித்து வைக்கும் என் பழக்கத்தால் என்றான். இருபது வருடமாக ஓட்டுகிறேன். எனக்கு இதை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

பிளேட் அடுத்த வாரம் வரும் என்கிறான். பணத்தை மாதம் மாதமாக வாங்கிக்கொள்வதாக அவனே சொன்னான். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றான், சொல்லிவிட்டேன். சிறப்புப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் எது என்பதை மட்டும் எனக்கு எழுது. அந்த நாள் தாண்டிவிட்டது என்றால் அதையும் எழுது.

சீட்டுப் பணத்தைப் பற்றி அம்மாவுக்கு இன்னும் தெரியாது. நாளை காலை இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு, அவள் மலையிலிருந்து மத்தியானம் கொழுந்து நிறுக்க வருவதற்குள் வீட்டுக்குப் போய்விட வேண்டும்.

அன்புடன்,
அப்பா