பிராட்வேக்குப் போகுமா என்று கேட்டிருந்தாயே

ஜெர்சி சிட்டி
16 நவம்பர் 2025

அன்புள்ள சுகந்தி,

கடைசியாக எழுதியது ஜூனில். இடையில் நீ இரண்டு முறை கூப்பிட்டாய், இரண்டு முறையும் "அப்புறம் பேசுகிறேன்" என்று வைத்துவிட்டேன். தப்புதான், மன்னித்துவிடு. இங்கே எல்லோரும் நலம். அவருக்கு முழங்கால் வலி தேவலை. கிட்டு மாமா கொடுத்துவிட்ட மணத்தக்காளி வற்றல் வந்து சேர்ந்தது. உனக்குப் பங்கு கிடையாது, கேட்காதே.

வெள்ளிக்கிழமை உன் மகள் யாழினி செல்லோ வாசிக்கிற நாடகத்தைப் பார்த்துவிட்டேன்.

199 பேர் உட்காரும் அரங்கு. மேடையின் ஓரத்திலேயே ஐந்து பேர் இசைக்குழு, அதில் இவள் நடுவில். நான் மூன்றாவது வரிசை. இரண்டாம் பாதியில் அம்மாவும் மகனும் சண்டை போட்டு ஓய்ந்த பிறகு யாரும் பேசாத ஒரு இடம் வருகிறது. அங்கே செல்லோ மட்டும்தான். வில்லைத் தந்தியில் வைப்பதற்கு முன் அவள் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது, சுகந்தி. பக்கத்தில் இருந்த கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ராஜம் மிஸ் இருந்திருந்தால் எழுந்தே நின்றிருப்பார்.

வெளியே வந்தால் வாசலில் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: "இது பிராட்வேக்குப் போய்விடும்." போனை எடுத்தால் உன் வாய்ஸ் மெசேஜிலும் அதுவே. ஒரு நிமிடத்தில் மூன்று முறை கேட்டிருக்கிறாய். உன் தம்பி மனைவி "எத்தனை பவுன்" என்று கேட்பாளே, அதே குரல்! சரி, கேட்டுவிட்டாய். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

பிராட்வே, ஆஃப் பிராட்வே என்பதெல்லாம் நியூயார்க் மன்ஹாட்டன் நாடக அரங்குகளின் வகை, பெரும்பாலும் இருக்கைக் கணக்கு. 100 முதல் 499 வரை என்றால் ஆஃப் பிராட்வே, அதற்கு மேல் பிராட்வே. பிராட்வே அரங்குகள் மொத்தமே 41. அதில் 17 ஷூபர்ட் நிறுவனத்துடையவை, 9 நெடர்லாண்டருடையவை. நாடகத்துக்கான பெரிய விருதான டோனி அந்த 41-இல் நடப்பவற்றுக்கு மட்டும்தான். ஆகவே நாடகம் நன்றாக இருந்து, பணம் போட ஆளும் கிடைத்தால்கூட, அரங்குச் சொந்தக்காரர் இடம் கொடுத்தால்தான் உண்டு. போன வசந்தத்தில் ஹாலிவுட் நடிகர் டென்சல் வாஷிங்டன் 'ஒத்தெல்லோ'வில் நடித்தார், டிக்கெட் 921 டாலர் வரை போனது. ஜார்ஜ் குளூனி நாடகம் வின்டர் கார்டனில், 'கேட்ஸ்' 18 வருஷம் ஓடிய அதே அரங்கில். அப்படிப்பட்டவர்கள் வாசலில் நிற்கும்போது பெயர் தெரியாத சின்ன மியூசிக்கலுக்கு, அதாவது பாட்டு நாடகத்துக்கு, யார் கதவைத் திறப்பார்கள்?

ஆனாலும் எல்லோரும் கேட்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. 'ரென்ட்' என்ற மியூசிக்கலின் கதை உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். யாழினி வாசிப்பது போன்ற ஒரு சின்ன அரங்கில்தான் அது ஆரம்பித்தது. எழுதி இசையமைத்த ஜோனதன் லார்சன், முதல் முன்காட்சி நடக்கவேண்டிய அன்று, 1996 ஜனவரி 25 விடியற்காலையில், இறந்துபோனார். வயது 35. ஏப்ரலில் நாடகம் பிராட்வேக்குப் போய் 12 வருஷம் ஓடியது. 'ஹாமில்டன்' 2015 குளிர்காலத்தில் பப்ளிக் தியேட்டர் என்கிற ஆஃப் பிராட்வே அரங்கில், அந்த ஆகஸ்டிலேயே பிராட்வேயில். இந்த ஊரில் நாடகம் போடுகிற பிள்ளைகள் இந்தக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். யாழினியும் அப்படித்தான்.

எனக்கோ மனதில் 'டெட் அவுட்லா' என்ற மியூசிக்கல்தான் நிற்கிறது. அதை நான் இரண்டு இடத்திலும் பார்த்தேன்.

எல்மர் மக்கர்டி என்று ஒரு திருடன். 1911-இல் ஓக்லஹோமாவில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். உடலைப் பதப்படுத்தியவருக்கு அதைப் புதைக்க மனமில்லை, காசு வாங்கிக்கொண்டு காட்டினார். அப்புறம் ஊர் ஊராகத் திருவிழாக் கூடாரங்களில் அந்தப் பிணம் சுற்றியது. 1976-இல் கலிபோர்னியாவில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் டிவி படப்பிடிப்புக்காரர்கள் பொம்மை என்று நினைத்துத் தூக்க, கை கழன்று வந்து உள்ளே எலும்பு தெரிந்தது. மறு வருஷம்தான் மண்ணுக்குள் போனான், செத்து 66 வருஷம் கழித்து. முழுக்க உண்மைக் கதை. இதை டேவிட் யாஸ்பெக், எரிக் டெல்லா பென்னா, இட்டமார் மோசஸ் மூவரும் மியூசிக்கலாக்க, டேவிட் குரோமர் இயக்கினார்.

2024 வசந்தத்தில் மினெட்டா லேன் என்கிற ஆஃப் பிராட்வே அரங்கில் பார்த்தேன். சுமார் 400 இருக்கை. ஆண்ட்ரூ டுராண்ட் பாதி நாடகம் பிணமாக அசையாமல் நிற்கிறார். இமை கொட்டுகிறதா என்று நாங்கள் அத்தனை பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அரங்கே அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இது பிராட்வேக்குப் போகவேண்டும் என்று அன்று நானும் வேண்டிக்கொண்டேன். போனது. 2025 ஏப்ரல் 27, லாங்ஏக்கர் அரங்கு, ஆயிரத்துக்கும் மேல் இருக்கை. கடைசி வாரத்தில் போனேன். மாடியில்தான் இடம் கிடைத்தது. அதே நடிகர், அதே பாட்டு, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அங்கிருந்து பார்த்தால் ஒரு ஆள் நிற்பது தெரிகிறது, அவ்வளவுதான். இமை எங்கே தெரியும்?

டோனிக்கு 7 பரிந்துரை, ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஜூன் 29-இல் மூடிவிட்டார்கள். இரண்டு மாதம். எனக்கு ஒரு வாரம் மனசே சரியில்லை.

புது நாடகக்காரர்கள் எல்லோரும் டோனிக்குத் தகுதி பெறும் கெடுவுக்காக மார்ச், ஏப்ரலில் முண்டியடித்து வந்து இறங்குகிறார்கள். நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் நாலு பேரிடம் சொல்லிப் பரவுவதற்குள் பணம் தீர்ந்துவிடுகிறது. பெருந்தொற்றுக்குப் பிறகு வந்த 46 புதிய மியூசிக்கல்களில் போட்ட பணத்தை எடுத்தவை மூன்றுதான் என்று செப்டம்பரில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. பரிசு வாங்கினாலும் பயம் தீராது. 'எ ஸ்ட்ரேஞ்ச் லூப்' சிறந்த மியூசிக்கல் டோனி வாங்கியது 2022 ஜூனில், மூடியது அடுத்த ஜனவரியில்.

போகாமலே வாழ்ந்தவையும் உண்டு. 'த ஃபென்டாஸ்டிக்ஸ்' 1960-இல் ஆரம்பித்து 42 வருஷம் ஒரே குட்டி அரங்கில் ஓடியது, 17,162 காட்சிகள். எனக்குப் பிடித்தது 'அவென்யூ கியூ' செய்த காரியம். பிராட்வேயில் ஆறு வருஷம் ஓடி 2009-இல் மூடினார்கள், அடுத்த மாதமே நியூ வேர்ல்ட் ஸ்டேஜஸ் என்கிற சின்ன அரங்குக்குத் திரும்பி வந்து இன்னும் ஒன்பது வருஷத்துக்கு மேல் நடத்தினார்கள். நாங்கள் அதைப் பார்த்தது அங்கேதான்.

இப்போது யாழினி விஷயம். நாடகம் முடிந்து அவளோடு சாப்பிடப் போனேன். க்வீன்ஸ் பள்ளிக்கூட வேலையை ஜனவரியில் விட்டுவிடலாமா என்று யோசிக்கிறாள். யாரோ ஒரு தயாரிப்பாளர் இரண்டு தடவை வந்து பார்த்தாராம், இசைக்குழு முழுக்க அதே பேச்சாம். உன்னிடம் எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்கள் சித்தி என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, சுகந்தி. நாடகம் போனால் இவளும் போவாள் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. பெரிய அரங்கில் இசைக்குழுவை மாற்றி அமைப்பார்கள், ஆளை எடுப்பதற்குத் தனியாக ஒருவர் இருப்பார். பிராட்வே இசைக்கலைஞர்களே அக்டோபரில் மருத்துவக் காப்பீட்டுக்காக ஸ்டிரைக் வரை போய், 23-ஆம் தேதி விடியற்காலையில்தான் ஒப்பந்தமானது. அந்தப் பள்ளி வேலையில் காப்பீடு இருக்கிறது. தேதி போட்ட ஒப்பந்தம் கைக்கு வரும்வரை விடாதே என்று சொல்லிவிட்டேன். முகம் சின்னதாகிவிட்டது. நீயும் கோபப்படுவாயோ என்னவோ. உன்னிடம் பூசி மெழுகி எனக்குப் பழக்கமில்லை.

நாடகம் போகுமா என்றால், வருகிற வசந்தத்திலேயே போகக்கூடாது என்பதுதான் என் ஆசை. 'ஹேடிஸ்டவுன்' 2016-இல் இதே மாதிரி சின்ன அரங்கில் நடந்தது. உடனே ஓடவில்லை. எட்மன்டன், லண்டன் என்று போய்த் திருத்தித் திருத்தி, 2019-இல் பிராட்வே ஏறி இன்றும் ஓடுகிறது. இவர்களுக்கும் இரண்டாம் பாதியின் தொடக்கம் இன்னும் தொய்வாக இருக்கிறது. வேறு ஊரில் ஒரு வருஷம் போட்டுப் பார்க்கட்டும்.

டிசம்பர் 14 வரை நீட்டித்திருக்கிறார்கள். கடைசி நாளுக்கு எனக்கும் அவருக்கும் டிக்கெட் எடுத்துவிட்டேன். மணப்பாறைக்காரருக்கு என் வணக்கம் சொல், அவருக்குப் புரியும்.

திங்கட்கிழமை அவளுக்குக் காட்சி கிடையாது, அன்று கூப்பிடு. பிராட்வே பற்றி ஒரு வார்த்தை கேட்காதே. சண்டைக்குப் பிறகு செல்லோ தனியாக வருகிற அந்த இடத்தை போனிலேயே வாசித்துக் காட்டச் சொல். ஸ்பீக்கரில் போடாமல் காதோடு வைத்துக் கேள்.

அன்புடன்
வசு