ஆறாம் மாதத்துக்கு ஒரு தேதி கொடுங்கள்

எங்கள் கடற்கரை ஊர்களின் தாய்சேய் நலத்துக்குப் பொறுப்பான சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் இராமநாதபுரம் கடற்கரையில் பாசி எடுக்கும் பெண். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள், இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தாய். திட்டங்களின் பெயரெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் சின்னவளுக்கு நடந்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

அவளை எல்லோரும் அழகு என்றார்கள். "உன்னை மாதிரி இல்லடி, வெள்ளையாப் பொறந்திருக்கா" என்று தெருவே கொஞ்சியது. வெயிலிலும் உப்புத் தண்ணியிலும் கருவாடாகிப் போன எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான். கண் பட்டுவிடும் என்று மாமியார் கன்னத்தில் பெரிய பொட்டாக வைத்துவிடுவார். எட்டு மாதத்தில் தவழ ஆரம்பித்ததும் மணலை அள்ளித் தின்றாள். அவள் அப்பா வாசலில் வலை சரிபண்ணும்போது பக்கத்தில் விட்டால், வலையில் ஒட்டியிருக்கும் சிப்பித்தூளைக்கூட விடாமல் நக்குவாள். நான் வாய்க்குள் விரல் விட்டு வழித்தெடுப்பேன். ஈறும் உதடும் சுண்ணாம்பு மாதிரி இருந்ததை அப்போது நான் பார்க்கவில்லை. என் கண்ணுக்கு மணல்தான் தெரிந்தது. "வயித்துல பூச்சி இருக்கு" என்றார் மாமியார். வேப்பங்கொழுந்தை அரைத்துப் புகட்டினோம்.

ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்து, நாலு நாளாகியும் விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்துத் தன் கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் 7.8. பதினொன்றாவது இருக்க வேண்டுமாம். "இது வெள்ளை இல்லம்மா, ரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாம வெளிறிக் கிடக்கு, மணல் தின்னதும் அதனாலதான்" என்றார். அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். இத்தனை நாளும் என் பிள்ளையின் நோயைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து கொஞ்சியிருக்கிறோம்.

"தாய்ப்பால்தானே டாக்டர் கொடுக்கிறேன்?" என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார். ஒரு லிட்டர் தாய்ப்பாலில் அரை மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. இருக்கிற கொஞ்சத்தையும் குழந்தையின் உடம்பு நன்றாக உறிஞ்சிக்கொள்ளும், ஆனாலும் அது வளர்கிற பிள்ளைக்குக் காணாது. வயிற்றில் இருக்கும்போது அம்மாவிடமிருந்து சேர்த்துக்கொண்டு வந்த இருப்பை வைத்துத்தான் குழந்தை முதல் நாலைந்து மாதம் ஓட்டுகிறது. ஆறு மாதம் ஆகும்போது அந்த இருப்பு கரைந்துவிடும். எடை குறைந்தோ மாதம் நிறையாமலோ பிறந்த பிள்ளைக்கு அதற்கும் முன்னாலேயே தீர்ந்துவிடும். அப்புறம் அவர் சொன்ன ஒன்றுதான் என்னைப் போட்டு உலுக்கியது: நான் எவ்வளவு முருங்கைக்கீரை தின்றாலும், எத்தனை சத்து மாத்திரை விழுங்கினாலும், பாலில் இரும்பு கூடாதாம். பேறுகாலத்துக்குப் பிறகு 180 நாள் நீங்கள் கொடுத்த மாத்திரையை ஒரு நாள் விடாமல் சாப்பிட்டேன். அது என் ரத்தத்துக்கு. பிள்ளைக்குப் போகிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன். போகாது என்று ஒருவரும் சொல்லவில்லை.

தாய்ப்பாலைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஆறு மாதம் தண்ணிகூடக் கொடுக்காமல் பால் மட்டும் கொடுத்தவள் நான். கடல் வத்தும் நேரம் பார்த்து விடியும் முன் இறங்கினால், விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையில் பாசியைப் பிய்த்து முடித்துக் கரையேற மதியம் ஆகிவிடும். அதற்குள் மார் கட்டிக்கொண்டு வலி உயிர் போகும். ரவிக்கை கடலில் நனைந்ததா பாலில் நனைந்ததா என்று தெரியாது. ஓடி வந்து, உப்பைக் கழுவிவிட்டுப் பிள்ளையை மடியில் போடுவேன். இன்றைக்கும் கொடுக்கிறேன், இரண்டு வயது வரை கொடுப்பேன். பாலோடு சேர்த்து ஆறு மாதத்திலிருந்து இன்னொன்றும் வேண்டும் என்பதை மட்டும்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த இன்னொன்று உங்களிடமே இருக்கிறது. 2018இல் வந்த ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தில், ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 1 மில்லி இரும்புச்சத்து சிரப். அந்த ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பு. ஒரு பாட்டில் 50 மில்லி. நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு பாட்டில் ஒரு பிள்ளைக்கு 25 வாரம் வரும். அதாவது ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரே ஒரு பாட்டில்.

ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மருந்தைத் தினமும் கொடுக்கிறோம், பிள்ளை தேறி வருகிறாள். சரி, அடுத்தவர் பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று எங்கள் துணை சுகாதார நிலையத்தில் போய்க் கேட்டேன். "ஸ்டாக் இல்லை, அடுத்த மாசம் பாருங்க" என்றார்கள். ஆறாம் மாதமே ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். வந்த பதில்: "ஆறாம் மாசம் நீங்க வரலையே."

இந்த மடலை எழுத வைத்தது அந்த ஒரு வரிதான். வீட்டுக்கு வந்து தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்தேன். பிறந்த அன்று ஊசி. ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினாலாம் வாரம். அதோடு முடிந்தது. அடுத்தது ஒன்பதாம் மாதம்தான். இடையில் ஐந்தரை மாதத்துக்கும் மேல் எந்தத் தேதியும் இல்லை. பிள்ளையின் உடம்பில் இரும்பு தீர்கிற மாதங்கள் அப்படியே அந்த வெற்றிடத்துக்குள் விழுகின்றன. நான் வரவில்லை என்பது உண்மைதான். வரச் சொல்லி யார் கூப்பிட்டார்கள்? கூப்பிட்ட ஒவ்வொரு புதன்கிழமையும் நான் வந்திருக்கிறேன். நல்ல வத்தமான நாளில்கூடப் பாசிக் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அட்டையில் கையெழுத்து இருக்கிறது, பாருங்கள்.

எங்கள் நர்சம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஒருத்தரே பல ஊர்களைச் சுமக்கிறார், அதோடு போனில் பதிவேற்றும் வேலை வேறு. ஆனால் 3, 6, 9, 12, 15ஆம் மாதங்களில் வீட்டுக்கே வந்து பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று ஒரு திட்டம் 2018இலிருந்தே காகிதத்தில் இருக்கிறது. பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற அரசு வைத்திருக்கும் 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' பட்டியலிலும் எங்கள் மாவட்டம் இருக்கிறது. விழைந்துகொண்டே இருக்கிறோம், ஐயா.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கொஞ்சம் கோபம்தான். செப்டம்பர் வந்தால் ஊட்டச்சத்து மாதம். அங்கன்வாடி வாசலில் கீரைக்கட்டு, மாதுளை, பேரீச்சம்பழம் எல்லாம் அடுக்கிக் கோலம் போட்டுப் போட்டோ எடுப்பார்கள். படம் முடிந்ததும் மாதுளை எங்கே போகிறது என்று நான் கேட்டதில்லை. எங்கள் மண்ணில் சீமைக்கருவேலம்தான் செழிக்கிறது. கீரை வெளியூரிலிருந்து வந்து, வாடி, விலையேறித்தான் எங்களுக்குக் கிடைக்கிறது. பாம்பனில் 2025இல் புதுப் பாலம் திறந்தார்கள். கப்பல் வந்தால் 72.5 மீட்டர் நீள இரும்புப் பாலத்தையே 17 மீட்டர் உயரம் தூக்கி வழிவிடுகிறார்கள். அவ்வளவு இரும்பைத் தூக்க முடிகிற நாட்டில், ஒரு பிள்ளையின் வாய்க்குள் 20 மில்லிகிராம் இரும்பை வைப்பது அவ்வளவு சிரமமா?

மன்னிக்கவும், பாலத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. கேட்க வந்ததைக் கேட்கிறேன். தடுப்பூசி அட்டையில் ஆறாம் மாதத்துக்கு ஒரு கட்டம் போடுங்கள். அதில் ஒரு தேதி எழுதுங்கள். அந்தத் தேதியில் சிரப் பாட்டில் தாயின் கையில் இருக்க வேண்டும். எடை குறைந்து பிறந்த பிள்ளையாக இருந்தால் டாக்டரிடம் காட்டி இன்னும் முன்னதாகவே தொடங்க வேண்டும். இது எனக்கு மட்டும் நேர்ந்தது என்று விட்டுவிட முடியாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கில் 51.

பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனால் மட்டும் போதாது, நாலு வார்த்தை சொல்லிவிட்டும் போகச் சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே என்று சொன்னால் போதும். அது தெரியாமல்தான் என் சின்ன நாத்தனார் இரண்டாவது வாரமே பாட்டிலைக் கூரையில் செருகிவிட்டாள். பெரிய பிள்ளைகள் இனிப்பு என்று எடுத்துக் குடித்தால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வை என்றும் சொல்லச் சொல்லுங்கள். டீயில் பன்னை நனைத்து ஊட்டுவதை நிறுத்தச் சொல்லுங்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. மீன் கொடுத்தால் மாந்தம் என்கிற மாமியார்களிடம் நர்சம்மா சொன்னால்தான் எடுபடும், மருமகள் சொன்னால் வாயாடி. கடலை வாசலில் வைத்துக்கொண்டு, நல்ல மீனையெல்லாம் ஐஸ் பெட்டியில் அனுப்பிவிட்டு, பிள்ளைக்கு ரசஞ்சோறு ஊட்டுகிறோம். ஒரு சூடை மீனை முள்ளெடுத்து மசித்தால் ஒரு வேளைக்கு ஆகும். இப்போது என் சின்னவளுக்கு அதைத்தான் ஊட்டுகிறேன். தட்டு முழுக்கத் துழாவி, கடைசித் துணுக்கையும் எடுத்து வாயில் வைக்கிறாள். மணல் தின்பதை மூன்று வாரத்திலேயே நிறுத்திவிட்டாள்.

எங்கள் தெருவில் இந்த மாதம் மூன்று பிள்ளைகளுக்கு ஆறு மாதம் முடிகிறது. அதில் ஒரு பிள்ளை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பிறந்தது, அதற்கு இப்போதே தாமதம். ஒரு பிள்ளையை எல்லோரும் வெள்ளை என்று கொஞ்சுகிறார்கள். முதல் பிள்ளைக்கு வருகிற 12ஆம் தேதி. மூன்று பாட்டில்கள் போதும். நர்சம்மாவுக்கு வர நேரமில்லை என்றால் சொல்லுங்கள், அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பாசி எடுக்கும் ஒரு தாய்
இராமநாதபுரம் கடற்கரை