அரவேணு டீச்சருக்கு ஒரு கடிதம்: மழைக் கணக்கை இனி எங்கே எழுதுவது?

அன்புள்ள டீச்சர்,

வணக்கம். சமூக ஊடகத்தில் நீங்கள் மழையளவும் ரோட்டு நிலவரமும் எழுதும் பக்கத்தைப் பற்றி, "இந்தப் பக்கத்தை மூடிவிடலாம் என்று இருக்கிறேன், வேறு எங்கே எழுதலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் கோத்தகிரியிலும் குன்னூரிலும் இதே யோசனையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளம்புங்கள். ஆனால் தனியாகக் கிளம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓயும்வரை பழைய பக்கத்தை மூடவும் வேண்டாம்.

உங்கள் கோபம் நியாயமானது. காலை எட்டரை மணிக்கு மழைமானியைப் பார்த்து, நோட்டில் எழுதி, அப்புறம் பக்கத்தில் போடுகிறீர்கள். குஞ்சப்பனை பக்கம் மரம் சாய்ந்தாலும், பர்லியாரில் மண் சரிந்தாலும், ஹில்குரோவ் அருகே தண்டவாளத்தில் பாறை உருண்டு மலை ரயில் ரத்தானாலும் உங்களிடம்தான் முதலில் தகவல் வருகிறது. காய்கறி வண்டிக்காரர்களும், டயாலிசிஸுக்குக் கோவை போகிறவர்களும் அதைப் பார்த்துத்தான் எந்த வழியில் இறங்குவது என்று முடிவு செய்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு பதிவு, ஜேசிபி வந்து மண்ணை அள்ளி வழிவிட்ட பிறகு, மறுநாள் மத்தியானம் ஒருவர் போனில் மேலே வந்து நிற்கிறது. அதைப் பார்த்து அவர் ரோடு இன்னும் அடைத்துத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறார். உங்கள் பக்கத்தைத் தேடி வந்து சேர்ந்தவர்களுக்கே பதிவைக் காட்டாமல், காசு கட்டினால் இன்னும் பலருக்குக் காட்டுகிறோம் என்று அந்தத் தளத்தை நடத்துகிறவர்கள் உங்களிடமே கேட்கிறார்கள். எது ஆளை அதிக நேரம் பிடித்துவைக்குமோ அதை மேலே தூக்குவதுதான் அங்கே கணக்கு. சினிமாச் செய்திக்கு அது சரிப்படலாம். மலைப்பாதைச் செய்திக்கு எந்த நேரத்தில் எழுதியது என்பதுதான் உயிர்.

நான் சொல்லும் இடம் மாஸ்டடான் என்ற சமூக ஊடகம். 2016 இல் ஜெர்மனியில் யூஜென் ரோச்கோ என்பவர் தொடங்கியது. இதை ஒரே நிறுவனம் ஒரே இடத்தில் வைத்து நடத்தவில்லை. பதிவுகளைச் சேமித்துவைத்து இணையத்தில் காட்டும் கணினிகளான சர்வர்கள் இதில் ஆயிரக்கணக்கில் உண்டு, அவற்றைத் தனித்தனி ஆட்களும் குழுக்களும் நடத்துகிறார்கள். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம். ஜிமெயிலில் இருப்பவர் வேறு நிறுவனத்தின் மின்னஞ்சலுக்கு எழுதுகிற மாதிரிதான். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் விதிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி 2018 ஜனவரியில் அதை அங்கீகரித்தது. முகப்பில் பதிவுகள் நேர வரிசையில்தான் வரும். விளம்பரம் கிடையாது.

உங்களுக்கு இதில் முக்கியமானது இன்னொன்று. உங்கள் பக்கத்தைப் படிக்க யாரும் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தியிருக்கும் ஒரு டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் உங்கள் முகவரியை அனுப்பினால் போதும். தொட்டதும் திறக்கும், கடைசியாக எழுதியது மேலே இருக்கும். பாஸ்வேர்டு கேட்டு மறிக்காது. நீங்கள் எழுதும் பொதுப் பதிவுகளை ஆர்எஸ்எஸ் ஓடையாகவும் (புதிய பதிவுகள் படிப்பவரின் செயலிக்குத் தானாக வந்து சேரும் வசதி) எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் எல்லோரும் அங்கே இல்லை? இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியபோது இந்தியாவிலிருந்து ஒரு கூட்டமே மாஸ்டடானுக்குப் போனது. 2022 அக்டோபர் கடைசியில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது அதைவிடப் பெரிய அலை. மாதம் 3 லட்சம் பேர் அளவில் பயன்படுத்திய மாஸ்டடானில் அந்த ஆண்டு முடிவதற்குள் 25 லட்சம் பேர். இரண்டு முறையும் போனவர்களில் நிறையப் பேர் திரும்பிவிட்டார்கள். தொழில்நுட்பம் புரியாததால் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியாகப் போனார்கள், போன இடத்தில் தெரிந்த முகம் இல்லை, பேச ஆள் இல்லை, வந்துவிட்டார்கள். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். அங்கே ஆங்கிலமும் ஜெர்மனும் நிறைய, தமிழ் குறைவு. யாரைப் பார் என்று அந்தத் தளமும் அதிகம் கைகாட்டாது. நாம்தான் ஆளைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

அதனால்தான் நாலைந்து பேரோடு போங்கள் என்கிறேன். கோடநாடு பக்கம் மழை அளக்கிறவர், கட்டபெட்டில் பச்சைத் தேயிலை விலை போடுகிறவர், மலை ரயில் செய்தி எழுதும் பையன், இவர்கள் எல்லாம் ஒரே வாரத்தில் வந்தால் மலைக்கான செய்தி முழுக்க அங்கே கிடைக்கும். படிக்கிறவர்கள் அப்புறம் தானாக வருவார்கள்.

பழைய பக்கத்தை ஏன் மூடக் கூடாது? 2019 ஆகஸ்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு ராத்திரி இந்த மழைக்காலத்தில் வந்தால், உங்களைத் தேடுகிறவர்கள் பழக்கப்பட்ட இடத்தில்தான் தேடுவார்கள். அங்கே ஆள் இல்லாமல் போகக் கூடாது. ஆகவே ஜனவரி வரை இரண்டு இடத்திலும் எழுதுங்கள். பழைய பக்கத்தின் முகப்பில் புதிய முகவரியை இப்போதே போட்டுவிடுங்கள். இப்போதே என்று சொல்லக் காரணம் உண்டு. 2022 டிசம்பரில் மாஸ்டடான் முகவரியைக் கணக்கில் போடக் கூடாது என்று ட்விட்டர் ஒரு விதி கொண்டுவந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் கதவு எந்த நாளும் சாத்தப்படலாம் என்பது தெரிந்துபோயிற்று.

ப்ளூஸ்கை என்ற இன்னொரு சமூக ஊடகம் பற்றியும் கேட்டீர்கள். பழகுவதற்கு எளிது, 2024 நவம்பரிலேயே 2 கோடிப் பேரைத் தாண்டிவிட்டது. ஆனால் பெரும்பாலான கணக்குகள் அந்த ஒரே நிறுவனத்தின் சர்வர்களில்தான் இருக்கின்றன. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொரு நிறுவனத்திடம் போய்ச் சேர எனக்கு மனம் வரவில்லை.

மாஸ்டடானிலும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். தனிச் செய்தி என்று அனுப்புவதை சர்வரை நடத்துகிறவர் நினைத்தால் படிக்க முடியும், அதனால் குடும்ப விஷயம் எதையும் அதில் எழுதாதீர்கள். நடத்துகிறவர் களைத்துப்போனால் சர்வர் மூடப்படும். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மோசில்லா மாதிரிப் பெரிய அமைப்பே தன்னுடைய சர்வரை 2024 டிசம்பரில் மூடிவிட்டது. அப்படி மூடினாலும் முன்கூட்டிச் சொன்னால் வேறு சர்வருக்கு மாறலாம், பின்தொடர்கிறவர்கள் கூடவே வந்துவிடுவார்கள். பழைய பதிவுகள் மட்டும் வராது. உங்கள் நோட்டுப் புத்தகம்தான் உண்மையான ஆவணம், டீச்சர். அதைத் தயவுசெய்து பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். பழைய தளத்தில் உங்கள் பதிவுகளின் பிரதியைத் தரவிறக்கும் வசதி இருக்கிறது, அதையும் எடுத்துவிடுவோம்.

இப்போதைக்கு நன்றாக நடக்கும் ஒரு பொது சர்வரில் சேர்ந்துகொள்ளலாம். என் ஆசை அதோடு நிற்கவில்லை. மலைக்கென்று நாமே ஒரு சர்வர் வைக்க வேண்டும். சோஷியல்.கூப் என்ற சர்வரைக் கூட்டுறவாகவே நடத்துகிறார்கள், உறுப்பினர்கள் பணம் போட்டு, விதிகளையும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். குந்தாவில் 1962 இல் முதல் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையைத் தொடங்கிய மலை இது. சிறு விவசாயிகள் சேர்ந்து ஒரு தொழிற்சாலையையே நடத்த முடிந்ததென்றால், ஒரு சர்வருக்கு மாதச் சந்தா போட நம்மால் முடியும். படங்கள் சேரச் சேர இடம் நிறையும், செலவு ஏறும், அதைக் கணக்கு பார்க்க ஒருவர் வேண்டும். தகராறு வந்தால் பேசித் தீர்க்க ஒருவர் வேண்டும். நிர்வாகப் பாஸ்வேர்டு ஒரே ஆளிடம் இருக்கவே கூடாது.

ஞாயிற்றுக்கிழமை கடையை அடைத்துவிட்டு அரவேணு வருகிறேன். கணக்கை உங்கள் போனிலேயே தொடங்கிவிடலாம், முதல் பதிவாக அன்றைய மழையளவைப் போடுங்கள். கோடநாட்டுக்காரரையும் அந்த ரயில் பையனையும் நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்கள், நான் சொன்னால் யோசிப்பார்கள், நீங்கள் சொன்னால் வருவார்கள். சர்வர் விஷயத்தில் கணக்கு பார்க்க யாரைக் கேட்கலாம் என்று அதற்குள் யோசித்து வையுங்கள்.

அன்புடன்,
குன்னூரிலிருந்து உங்கள் பழைய மாணவன்