பிளைவுட் பலகைக்கும் 60 ஓமுக்கும் நன்றி

அன்புடையீர்,

ஆசிய பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்திவரும் ரோபோகான் போட்டியின் இந்தியச் சுற்றுக்குச் சென்று திரும்பிய எங்கள் கல்லூரி அணியின் கன்ட்ரோல் பிரிவு சார்பில் இம்மடலை எழுதுகிறேன். பரிசு எதுவும் பெறவில்லை. ஆயினும் ஆடிய ஒவ்வோர் ஆட்டத்திலும் எங்கள் ரோபோ தொடக்கக் கோட்டை விட்டு நகர்ந்தது. சென்ற ஆண்டு அது அசையவே இல்லை என்பதை அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

முதல் நன்றி, இப்போது ஓசூரில் பணிபுரியும் எங்கள் சீனியர் அக்காவுக்கு. சேசிஸ் (ரோபோவின் உடற்சட்டம்) வந்த பின் வயரிங், வயரிங் முடிந்த பின் கோடிங் என்று நாங்கள் எழுதியிருந்த அட்டவணையைப் பார்த்தவுடன், மெக்கானிக்கல் பிரிவு தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் எங்கள் கணக்கிலிருந்துதான் கழியும் என்று சொல்லி, நான்கு மோட்டார், அவற்றை இயக்கும் டிரைவர் சர்க்யூட்கள், சுழற்சியை அளக்கும் என்கோடர்கள், பேட்டரி, எமர்ஜென்சி ஸ்விட்ச் அனைத்தையும் ஒரு பலகையில் பொருத்தி அன்றே வேலையைத் தொடங்கச் செய்தவர் அவர். சக்கரம் காற்றில் சுழலும்போது கண்டுபிடித்த பிஐடி எண்கள் (மோட்டாரின் வேகத்தைச் சரியாக வைத்திருக்க கோடில் கொடுக்கும் அளவுகள்), ரோபோவின் எடை தரையில் இறங்கியதும் பொருந்தாமல் போகும் என்பதால், அதைத் திரும்பச் சரிசெய்வதற்கென்றே கடைசிப் பத்து நாட்களை ஒதுக்கிவைத்தார். சேசிஸ் பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தபோதும் அந்தப் பத்து நாட்களில் ஒன்றும் குறையவில்லை. (மெக்கானிக்கல் நண்பர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அலுமினியம் வந்ததே தாமதமாகத்தான்.)

பலகை தந்தவர் பட்டறையின் தச்சுப் பிரிவு ஐயா. நாங்கள் கேட்டது ஒரு துண்டு பிளைவுட் மட்டுமே. வயர் உரசி அறுந்துவிடும் என்று அவராகவே நான்கு விளிம்புகளையும் உப்புத்தாளால் தேய்த்துக் கொடுத்தார்.

தனித்தனியே ஓடிய மோட்டார்கள், கேன் பஸ்ஸில் (எல்லா மாட்யூல்களும் இரண்டே கம்பிகளில் தகவல் பரிமாறும் இணைப்பு) இணைத்ததும் சொல்பேச்சுக் கேட்க மறுத்தன. இரண்டு இரவுகள் கோடில் பிழை தேடினோம். மூன்றாம் நாள் வந்த பழைய மாணவர் அண்ணன் லேப்டாப்பைத் திறக்கவே இல்லை. பேட்டரியைக் கழற்றச் சொல்லி, பஸ்ஸின் இரு கம்பிகளுக்கு இடையே மல்டிமீட்டரை வைத்தார். 24 ஓம் காட்டியது. இரு முனைகளில் மட்டும் 120 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் 60 காட்ட வேண்டும். நாங்கள் வாங்கிய ஐந்து மாட்யூல்களிலும் அது முன்கூட்டியே பொருத்தப்பட்டிருந்தது. நடுவிலிருந்த மூன்றைச் சால்டரிங் அயர்னால் எடுத்தவுடன் எல்லா மோட்டார்களும் சொன்னபடி கேட்கத் தொடங்கின.

அந்த இரவுகளில் ஆய்வகத்தைப் பூட்டாமல் காத்திருந்த காவலாளி ஐயாவுக்கும், பலகையைப் பிரிக்காமல் ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்த இரண்டாமாண்டுத் தம்பிகளுக்கும் நன்றி. இரண்டாம் ஆட்டத்துக்கு முன் ஒரு டிரைவர் பழுதானபோது, மாற்று டிரைவரை அந்தப் பலகையில் ஓட்டிப் பார்த்த பிறகே ரோபோவில் பொருத்தினோம்.

பலகை இப்போது ஆய்வக ஜன்னலோரம் இருக்கிறது. தச்சுப் பிரிவு ஐயா திருப்பிக் கேட்டால் கொடுத்துவிடத்தான் வேண்டும். ஆனால் தம்பிகள் அதற்குள் அதில் ஐந்தாவது மோட்டாருக்குத் துளை போட்டுவிட்டார்கள்.

நன்றியுடன்,
கன்ட்ரோல் பிரிவு மாணவர்கள்