இடுப்பு பெல்ட்டை எப்போது கழற்றுவது என்றும் எழுதித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுகுத்தண்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஒவ்வொரு மாத்திரைக்கும் காலை, இரவு, சாப்பாட்டுக்கு முன், பின், எத்தனை நாள் என்று எல்லாம் எழுதித் தருகிறார்கள். இடுப்பு பெல்ட்டுக்கு மட்டும் ‘எல்.எஸ். பெல்ட்’ என்ற ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. படுக்கும்போதும் போட வேண்டுமா, என்றைக்குக் கழற்றுவது என்று அதில் எதுவும் இருப்பதில்லை. டிஸ்சார்ஜ் சீட்டிலேயே இதைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

என் கணவர் விசைத்தறி ஓட்டுபவர். இடுப்பில் நான்காவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, எலும்பும் கொஞ்சம் முன்னால் நகர்ந்திருக்கிறது என்று போன வருடம் ஸ்க்ரூவும் ராடும் வைத்து அந்த எலும்புகளை ஒன்றாக இணைக்கும் ஆபரேஷன் செய்தார்கள். காலில் இறங்கிக்கொண்டிருந்த வலி நின்றுவிட்டது. அந்த டாக்டரை நாங்கள் மறக்க மாட்டோம். சிரமப்பட்டதெல்லாம் பெல்ட்டில்தான். எந்நேரமும் போட்டிருக்கணும் என்றார் வார்டு நர்ஸ். நடக்கும்போது மட்டும் போதும் என்றார் செக்கப்பில் பார்த்த இன்னொரு டாக்டர். பெல்ட் விற்ற கடைக்காரரோ, ஒரு வருஷமாவது போடுங்க, அப்பத்தான் ஸ்க்ரூ நகராது என்று பயமுறுத்தி அனுப்பினார். மூன்று பேரில் யார் பேச்சைக் கேட்பது?

வெயில் காலம் வேறு. பெல்ட்டை வெறும் உடம்பில் இறுக்கிக் கட்டியதில் தையல் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் வேர்க்குரு கிளம்பி, சொறிந்து சொறிந்து தோல் உரிந்துவிட்டது. உள்ளே பருத்தி பனியன் போட்டு அதன்மேல் கட்ட வேண்டும் என்ற சின்ன விஷயத்தைக்கூட யாரும் சொல்லவில்லை. தரையில் சாப்பிட உட்கார்ந்தால் பெல்ட் மேலே ஏறி விலா எலும்பில் குத்தும். லுங்கி முடிச்சு பெல்ட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு வயிற்றை அமுக்கும். எங்கள் வீட்டோடு ஒட்டித்தான் தறிக்கூடம். பறக்கிற பஞ்செல்லாம் வெல்க்ரோவில் அடைத்துக்கொண்டு, ஒட்டிய பெல்ட் இருமினால்கூடப் பிரிந்துவிடும். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நான் தினமும் அந்தப் பஞ்சைக் கிளறி எடுப்பேன்.

‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் எங்கள் தெருவுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் அம்மாதான் முதல்முதலாக உட்கார்ந்து விளக்கிச் சொன்னார். உள்ளே எலும்பைப் பிடித்திருப்பது ஸ்க்ரூவும் ராடும்தான், பெல்ட் இல்லை. சட்டென்று குனியாமல், திரும்பாமல் இருக்க பெல்ட் ஒரு ஞாபகமூட்டல். ஆரம்ப நாட்களில் சிலருக்கு வலி குறைந்த மாதிரியும் தைரியமாகவும் இருக்கும். மற்றபடி எலும்பு ஒன்றோடொன்று சேர்வது மெதுவாக, மாதக்கணக்கில் நடக்கிற வேலை என்றார். பெல்ட்டின் கீழ் ஓரம் இடுப்பெலும்பை மூடியிருக்க வேண்டும், மூச்சை நன்றாக இழுத்துவிட இடம் இருக்க வேண்டும் என்று அவரே கட்டிக் காட்டினார். ஒருக்களித்துப் படுத்து, காலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி, கையை ஊன்றி எழுவதற்கும் பழக்கினார். அன்றைக்குத்தான் என் கணவர் பயமில்லாமல் எழுந்தார். இந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்குத்தான் என்று நினைத்திருந்தேன். பிசியோதெரபியும் இருப்பது எங்கள் தெருவிலேயே பல பேருக்குத் தெரியாது.

என் மகள் நர்சிங் படிக்கிறாள். அவள் தேடிப் படித்து ஒரு விஷயம் சொன்னாள். 2008இல் வெளியான ஓர் ஆய்வில், எங்களவருக்குச் செய்தது போல எலும்பை இணைக்கும் ஆபரேஷன் செய்துகொண்ட 90 பேரை, குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்களாம். ஒரு பிரிவுக்கு 8 வாரம் பெல்ட், இன்னொன்றுக்குப் பெல்ட்டே இல்லை. பிறகு 2 வருடம் வரை கவனித்ததில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இடுப்பின் கடைசி எலும்பு சேரும் இடத்தை அசையாமல் பிடிக்கச் சாதாரண பெல்ட்டால் முடியாது, தொடையையும் சேர்த்துக் கட்டினால்தான் முடியும் என்பதும் பழைய ஆய்வுகளிலேயே இருக்கிறதாம். அதனால்தான் ஒரே ஆபரேஷனுக்கு ஒரு டாக்டர் மூன்று மாதம் என்கிறார், இன்னொருவர் பெல்ட்டே வேண்டாம் என்கிறார். இரண்டு பேரும் தெரிந்துதான் சொல்கிறார்கள். ஆனால் நோயாளிக்கு அந்தக் காரணம் தெரிய வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு யாரும் இன்றைக்கே பெல்ட்டைக் கழற்றிவிடக் கூடாது. மரத்திலிருந்து விழுந்து எலும்பு உடைந்தவர்கள், எலும்பு வலுவிழந்த வயதானவர்கள், நெஞ்சுவரை வரும் கெட்டியான பெல்ட் போட்டவர்கள் கதை வேறு. அவர்களுக்கு அது அவசியமாகவே இருக்கலாம். ஜவ்வை மட்டும் எடுத்தவர்களுக்கும் ஸ்க்ரூ வைத்தவர்களுக்குமே ஒரே கணக்கு கிடையாது. ஆபரேஷன் செய்த டாக்டரைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். எந்த பெல்ட் போட்டிருந்தாலும் சரி, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பக்கத்துத் தெருவில் ஓர் அண்ணன் ஜவ்வு ஆபரேஷன் செய்து பல வருடம் ஆகிறது. இன்னமும் பெல்ட் இல்லாமல் வாசற்படி தாண்ட மாட்டார். கழற்றச் சொல்லி யாரும் அவரிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான். பெல்ட்டிலேயே சாய்ந்திருந்தால் முதுகுத் தசை வேலை மறந்துவிடும் என்று அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா எச்சரித்தது அவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறது. உழைத்துச் சாப்பிடுகிற மனிதரை இப்படிப் பயத்திலேயே வைத்திருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே மக்கள் நல்வாழ்வுத் துறையும் தனியார் மருத்துவமனைகளும் டிஸ்சார்ஜ் சீட்டில் பெல்ட்டுக்கென்று ஒரு கட்டம் ஒதுக்க வேண்டும். எதற்காக இந்த பெல்ட், எந்த அளவு, எந்தெந்த நேரம் போடுவது, எந்தத் தேதியிலிருந்து எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று அதில் எழுதினால் போதும். வீட்டுக்கு அனுப்பும் முன்பே பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை நோயாளிக்குக் கட்டிக் காட்டி, கூட இருப்பவரையும் கட்டச் சொல்லிப் பார்க்கட்டும். அதுவரை, ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருப்பவர்களின் வீட்டார் இந்தக் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் கையாலேயே பதிலை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
குமாரபாளையம், நாமக்கல் மாவட்டம்.