யாருடைய நித்திரையில் சோதித்தாய், மகளே?

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.

அன்புள்ள மகளுக்கு,

நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோயைக் கண்டறியக் கணினியைப் பழக்கும் உன் ஆய்வறிக்கையை, விளங்காத இடங்களை உன்னிடமே தொலைபேசியில் கேட்டறிந்து, முழுமையாக வாசித்து முடித்தேன். வைத்தியசாலை விடுதிகளில் இரவுக் கடமை பார்த்த ஒரு தாதிக்கு, தன் மகள் இந்த நோயைத் தெரிந்தெடுத்திருப்பது பெருமகிழ்ச்சி. ஆயினும் முதற் பக்கத்தில் தடித்த எழுத்தில் நீ இட்டிருக்கும் துல்லிய வீதத்தை நம்புவதற்கு முன் ஒன்றைக் கேட்க விரும்புகிறேன்: சோதனையில் இருந்தவர்கள், உன் கணினி முன்பு கண்டிராத ஆட்களா?

இதயத் துடிப்பைப் பதியும் ஈசீஜி ஒன்றிலிருந்தே நோயை அறியலாம் என்ற உன் வழியில் எனக்கு ஐயமில்லை. தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சு 10 செக்கனுக்கு மேல் நின்றுபோகும்போது இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, இதயத் துடிப்பு மெதுவாகிறது. மூளை ஒரு கணம் விழித்து மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டதும் துடிப்பு விரைகிறது. இரவு முழுவதும் திரும்பத் திரும்ப வரும் இந்த ஏற்றவிறக்கத்தை நோயாளி அறியமாட்டார், ஆனால் ஈசீஜியில் அது பதிந்திருக்கும். தலையிலும் மார்பிலும் காலிலும் வயர் ஒட்டி ஓர் இரவு முழுவதும் படுக்கவைத்துச் செய்யும் பரிசோதனைக்குக் கட்டிலும் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டியிருப்பதால், யாரை முதலில் அங்கே அனுப்புவது என்று சொல்லக்கூடிய எளிய வழி எங்கள் ஊருக்கு மிகவும் தேவை.

நீ பயன்படுத்தியது 2000ஆம் ஆண்டுப் போட்டி ஒன்றுக்காக வெளியிடப்பட்ட, ஜேர்மனியில் பதிவான 70 இரவுகளின் ஈசீஜித் தொகுப்பு என்று எழுதியிருக்கிறாய். இரவுகள் 70 என்றாலும் ஆட்கள் 32 பேர்தான். அவர்களிலும் பெண்கள் 7 பேரே. மூச்சுத் தடைப்பட்டதா இல்லையா என்று ஒவ்வொரு நிமிடத்துக்கும் குறிப்பிட்டிருப்பதால் ஆயிரக்கணக்கான நிமிடங்கள் கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் அவற்றைக் கலந்து ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மறுபகுதியைச் சோதனைக்கும் எடுத்தால், ஒரே மனிதரின் இதயம் இரண்டு பக்கத்திலும் வந்துவிடும். கணினி நோயைக் கற்றதா, அந்த ஆளைக் கற்றதா என்று பிரித்தறிய முடியாது. விடைத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதிய மாணவனின் புள்ளியை எந்த ஆசிரியர் ஏற்பார்? இரவுகளாகப் பிரிப்பதும் போதாது, ஏனெனில் ஒருவருக்கே பல இரவுகள் உண்டு. ஆட்களாகவே பிரி.

இன்னொன்று. வைத்தியர் கேட்பது மணித்தியாலத்துக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பதை: 5இற்கு மேல் இலேசு, 15இற்கு மேல் நடுத்தரம், 30இற்கு மேல் கடுமை. ஒரு நிமிடத்துக்குள் இரண்டு தடவையும் நிற்கலாம். ஆகவே மூச்சுத் தடைப்பட்ட நிமிடங்களை எண்ணுவது அந்த எண்ணைத் தந்துவிடாது.

அடுத்து எங்கள் ஆட்கள். உன் மாமா மெலிந்தவர். இரவில் கொழும்புக்குப் பஸ் ஓட்டும் அவர் பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கிவிடுவதை எல்லோரும் களைப்பு என்கிறார்கள், குறட்டையை நல்ல நித்திரை என்கிறார்கள். ஆசியர்களின் தாடை, முக அமைப்பினால் அதிக பருமன் இல்லாதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பருமனானவர்களையே பெரும்பாலும் பார்த்துப் பழகிய கணினி அவரை விட்டுவிடக்கூடும். விரலில் மாட்டி இரத்த ஒட்சிசனை அளக்கும் ஒக்சிமீற்றரையும் சேர்க்கப்போகிறாய் என்பதால் இதையும் சொல்கிறேன்: 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், கருவி கண்டுகொள்ளாத ஒட்சிசன் குறைவு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு காணப்பட்டது. எங்கள் தோலின் நிறத்தை நினைத்துக்கொள். “நோய் இல்லை” என்று தவறாகச் சொல்லப்பட்ட சாரதி அன்றிரவும் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போவார். வீணாக ஒரு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர் இழப்பது ஓர் இரவை மட்டுமே. ஆகையால் துல்லிய வீதத்துக்கு முன்பாக, நோயுள்ளவர்களில் எத்தனை பேரைத் தவறவிட்டாய் என்பதை முதற் பக்கத்தில் எழுது.

ஆட்களாகப் பிரித்து மீண்டும் ஓட்டும்போது எண் குறையும். குறைந்த எண்ணையே உன் பேராசிரியரிடம் காட்டு, எனக்கும் எழுது. மாமாவை உன் ஆய்வுக்குச் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். முதலில் வைத்தியர் அவரைப் பார்க்கட்டும். வரும் கிழமை கிளினிக்குக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

அன்புடன்,
அம்மா